2014 வண்டிக்கு 2018 ஹவுசிங் உட்காருமா?

கேள்வி: என்னிடம் 2014 மாடல் பொலேரோ பிக்கப் இருக்கிறது. ஆத்தங்குடியிலிருந்து தரைக்கல் ஏற்றி தேவகோட்டை, புதுக்கோட்டை, திருச்சி என்று ஓட்டுகிறேன். போன வாரம் கானாடுகாத்தான் பக்கம் வரும்போது பின் ஆக்சிலில் சத்தம் வந்து வண்டி நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனின் பல் உடைந்திருக்கிறது. உடைத்த 2018 வண்டியின் ஹவுசிங் (பின் ஆக்சிலின் ஓடும் உள்ளே இருக்கும் பல்சக்கரங்களும்) முழுசாக இருக்கிறது, எல்லா வருஷத்துக்கும் ஒன்றுதான் என்று ஒரு புரோக்கர் 35,000 ரூபாய் கேட்கிறார். 10,000 முன்பணம் போட்டால் லாரியில் ஏற்றிவிடுவாராம். இன்னொருவர் பினியன் மட்டும் 4,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். எதை வாங்குவது? எந்த வருஷத்துச் சாமான் எந்த வருஷத்துக்குப் பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(பள்ளத்தூர் வாசகர்)

பதில்: முன்பணம் அனுப்பிவிடாதீர்கள் தம்பி. பினியனை மட்டும் தனியாக எந்த விலைக்கும் வாங்காதீர்கள். 2018 ஹவுசிங் உங்கள் வண்டிக்குப் பொருந்த வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதை நேரில் பார்த்து, எண்ணி, அளந்த பிறகுதான் பணம். முப்பது வருஷத்துக்கு மேல் காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கிறேன். "அண்ணே, அப்படியே உக்காரும்ணே" என்று போனில் சொன்னதை நம்பி வண்டியோடு வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர்.

முதலில் இந்த 'வருஷம்' விஷயம். உங்கள் ஆர்.சி.யில் பதிவுத் தேதி ஒன்று இருக்கும், தயாரித்த மாதமும் வருஷமும் தனியாக இருக்கும். 2014 ஜனவரியில் பதிவான வண்டி 2013 கடைசியில் செய்ததாக இருக்கலாம். சாமானுக்குத் தயாரித்த தேதிதான் கணக்கு. 17 இலக்க சேசிஸ் நம்பரில் பத்தாவது எழுத்தைப் பாருங்கள். இந்த வண்டிகளில் அது வருஷத்தைச் சொல்லும். ஆங்கில 'இ' என்றால் 2014, 'எச்' என்றால் 2017, 'ஐ' வராது என்பதால் அடுத்த 'ஜே' 2018. புரோக்கர் 2018 என்று சொல்லும் வண்டியின் சேசிஸ் நம்பரை எழுதித் தரச் சொல்லி இந்த எழுத்தைப் பாருங்கள். நம்பர் தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வருஷம் உண்மையிலேயே முக்கியமாவது இன்ஜின் பக்கத்தில்தான். நாடு முழுக்க 2010இல் பி.எஸ். 3 (பாரத் ஸ்டேஜ் 3), 2017 ஏப்ரல் 1இல் பி.எஸ். 4, 2020 ஏப்ரல் 1இல் பி.எஸ். 6 என்று புகை விதி மாறியது. ஒவ்வொரு தடவையும் பம்பு, நாசில், சென்சார், ஒயரிங், சைலென்சர் என்று மாறிக்கொண்டே வந்தன. அந்தக் கோட்டைத் தாண்டி இந்தச் சாமான்களை மாற்றிப் போடவே கூடாது. உங்களுடையது 2017க்கு முந்தியது, அவர் சொல்வது அதற்குப் பிந்தியது. இன்ஜின் சாமானாக இருந்தால் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றிருப்பேன். ஆக்சிலுக்கும் புகைக்கும் சம்பந்தமில்லை. கதவு, கண்ணாடி, பம்பர் பற்றியும் அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை, பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆக்சிலில் பார்க்க வேண்டியது லோடு. இதே பிக்கப்பை 1.3 டன், 1.7 டன் என்று தனித்தனி ரகமாக விற்றிருக்கிறார்கள். ஒரே வருஷத்து இரண்டு வண்டியில் ஸ்பிரிங் பட்டை, பிரேக், ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் சக்கரங்களின் பல் எல்லாம் வேறாக இருக்கலாம். நாலு வருஷம் தள்ளி வந்த இரண்டு வண்டியில் ஒன்றாகவும் இருக்கலாம். அதனால் "எந்த வருஷம்?" என்று கேட்பதைவிட "எந்த ரகம், எத்தனை பல்?" என்று கேளுங்கள். இன்னொன்று, பொலேரோ என்று பெயர் இருப்பதால் ஆள் ஏற்றும் பொலேரோவின் சாமானைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். 2016இல் வந்த பொலேரோ பவர் பிளஸ்ஸில் 1,493 சி.சி., மூன்று சிலிண்டர் இன்ஜின். பிக்கப்பில் 2,523 சி.சி., நாலு சிலிண்டர். பெயரை வைத்துச் சாமான் வாங்க முடியாது.

இப்போது பல் கணக்கு. பெரிய சக்கரம் கிரவுன், சின்னது பினியன். கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால், வகுத்தால் வரும் விகிதம் 4.1. அதே 41க்கு 11 என்றால் 3.73. எண் பெரிதானால் இழுவை கூடும், வேகம் குறையும். இரண்டும் ஒரே மாதிரி ஹவுசிங்குக்குள் உட்கார்ந்திருந்தால் வெளியே பார்த்து ஒன்றும் தெரியாது. திறக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு சாக்பீஸ் போதும்.

கீழே கிடக்கும் ஹவுசிங்கில் ஒரு பக்க பிரேக் டிரம்மை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். மறுபக்க டிரம்மில் ஒரு கோடு, முன்னால் ஜாயிண்ட் மாட்டும் வட்டத் தட்டில், அதாவது ஃப்ளேஞ்சில், ஒரு கோடு போடுங்கள். டிரம்மைச் சரியாக 20 சுற்று சுற்றுங்கள். ஒரு பக்கம் நிற்பதால் உள்ளே கிரவுன் அதில் பாதி, 10 சுற்றுதான் சுற்றும். ஃப்ளேஞ்ச் எத்தனை சுற்றியது என்று எண்ணுங்கள். 41 சுற்று வந்தால் 4.1. 37ஐத் தாண்டிக் கொஞ்சம் வந்தால் 3.73. இரண்டு சுற்று மட்டும் சுற்றிப் பார்த்துவிட்டு நாலு என்று சொல்லிவிடக் கூடாது, வித்தியாசம் சின்னது. உங்கள் வண்டியில் பல் உடைந்திருந்தாலும் கிரவுனில் மிச்சமிருப்பதையும் உடைந்த இடத்தையும் சேர்த்து எண்ணிவிடலாம். இரண்டு எண்ணும் ஒன்றாக வர வேண்டும்.

இதில் நான் பட்டிருக்கிறேன். புதுவயல் அரிசி ஆலை ஒன்றுக்கு ஓடும் பிக்கப்புக்கு, புரோக்கர் பேச்சைக் கேட்டு எண்ணாமல் ஹவுசிங் மாட்டிக் கொடுத்தேன். சத்தமில்லை, ஆட்டமில்லை, நன்றாகத்தான் ஓடியது. மூட்டை ஏற்றிப் பாலத்து ஏற்றத்தில் போனால் மட்டும் இழுக்கவில்லை என்றார் டிரைவர். கிளட்ச்சை அரை மிதியில் வைத்தே ஏறியிருக்கிறார். நாலு மாதத்தில் கிளட்ச் பிளேட் கருகிப்போய் வந்தது. பிரித்து எண்ணிப் பார்த்த பிறகுதான் பல் வேறு என்று தெரிந்தது. கிளட்ச் காசும் கூலியும் நானே போட்டேன். அன்றிலிருந்து சாக்பீஸ் இல்லாமல் ஹவுசிங் வாங்கப் போவதில்லை.

சரி, பினியன் மட்டும் ஏன் வேண்டாம்? ஒரே பார்ட் நம்பர், ஒரே பல் எண்ணிக்கை என்றால் எந்தச் சாமானும் பொருந்தும் என்பதுதான் பொது விதி. கிரவுன் பினியன் அந்த விதிக்கு அடங்காதது. தொழிற்சாலையில் ஒரு கிரவுனையும் ஒரு பினியனையும் ஜோடியாக ஓடவிட்டு, ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பல்லைப் பதப்படுத்துகிறார்கள். அதன்பிறகு அந்த இரண்டும்தான் ஜோடி. இரண்டின் மேலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். டார்ச் அடித்து, எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், கிரவுன் ஓரத்திலும் பினியன் தலையிலும் தெரியும். இரண்டு எண்ணும் வேறாக இருந்தால் அது யாரோ இரண்டு வண்டியிலிருந்து சேர்த்தது. நம்ம முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுக் கதவுகள் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உயரம் அகலம் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் ஒரு நிலைக்குச் செய்த கதவை இன்னொரு நிலையில் மாட்டினால் எங்கோ ஒரு மூலை இடிக்கும். அங்கே தச்சர் இழைத்துச் சரிசெய்துவிடுவார். பல்லை இழைக்க முடியாது.

ஜோடி மாறினால் முதலில் லேசாக ஊளையிடும். 'புதுசுதானே, பழகிவிடும்' என்பார்கள். பழகாது. பல்லின் முழு அகலமும் தாங்க வேண்டிய லோடை ஒரு ஓரம் மட்டும் தாங்கும். ஆத்தங்குடிக் கல் மாதிரி சிமென்ட் கனம் ஏற்றுகிறவருக்கு அந்த ஓரம் உடைய நாளாகாது. அதனால் வாங்கினால் ஜோடியாக, செட்டாக மட்டும். ஜோடியை மாட்டும்போதும் சிம் என்கிற மெல்லிய தகடு வைத்துப் பல் இடைவெளியை டயல் கேஜ் என்ற நுண்ணளவுக் கருவியில் பார்க்க வேண்டும், பல்லில் நீல மை தடவிச் சுற்றி, மை நடுவில் பதிகிறதா என்றும் பார்க்க வேண்டும். டயல் கேஜ் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். எனக்குக் கேட்டால், உங்கள் ஹவுசிங் ஓடு நன்றாக இருந்தால் புது ஜோடியும் புது பேரிங்குகளும் போடுவதுதான் முதல் யோசனை. முழு ஹவுசிங் இரண்டாவது.

இரண்டாவதற்கே போவதென்றால் டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். பட்டை உட்காரும் இரண்டு இடத்துக்கும் நடுவிலிருந்து நடு எவ்வளவு, வீல் போல்ட் எத்தனை, ஃப்ளேஞ்ச் ஓட்டைகளின் இடைவெளி, டிரம் அகலம், ஹேண்ட்பிரேக் கேபிள் மாட்டும் இடம். உங்கள் வண்டியில் அளந்து எழுதிக்கொண்டு போனால் பத்து நிமிஷ வேலை. ஹவுசிங்கின் குழாயில் புது பெயின்ட் இருந்தால் சுரண்டிப் பாருங்கள். வெல்டிங்கை மறைக்கத்தான் பெரும்பாலும் பெயின்ட் அடிக்கிறார்கள்.

புரோக்கர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சென்னை புதுப்பேட்டையிலும் மற்ற ஊர்களிலும் நியாயமாகத் தொழில் செய்கிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது கடையே இல்லாமல் கைப்பேசியை மட்டும் வைத்துக்கொண்டு இருப்பவர்களை. ஒரே ஹவுசிங்கின் போட்டோவைப் பத்துப் பேருக்கு அனுப்பி, பத்துப் பேரிடமும் முன்பணம் வாங்குவார்கள். வந்த சாமான் பொருந்தவில்லை என்றால் "மெக்கானிக்குக்கு மாட்டத் தெரியல" என்று பழி நம் மேல். பில் வேண்டாம், விலை குறையும் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சாமான் திருட்டு வண்டியுடையது என்று பின்னால் தெரிந்தால், தெரிந்தே வாங்கினாரா என்ற கேள்வி உங்களிடம்தான் வரும். திருட்டுப் பொருளை வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவில் குற்றம். உடைத்த வண்டியின் சேசிஸ் நம்பர் எழுதிய பில் ஒன்றுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. புதுச் சாமான் வாங்கும்போது வரிக் கணக்கையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். இன்னமும் 28 என்று போட்டால் கேளுங்கள்.

இந்தத் தரகெல்லாம் வளர்வதற்குக் காரணம் என்ன? வண்டி நம்முடையது, எந்தச் சாமான் எந்த சேசிஸுக்கு என்ற பட்டியல் மட்டும் நம் கையில் இல்லை. கவுன்டரில் போய் நின்றால் கணினியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு "அசெம்பிளியாத்தான் வரும்" என்பார்கள். பழைய நம்பர் நிறுத்தப்பட்டு புது நம்பர் வந்திருக்கும். அந்தப் புதுச் சாமான் பழைய வண்டிக்கும் சேரும், ஆனால் பழையது புது வண்டிக்குச் சேராமல் போகலாம். ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு அது. இதைக்கூட யாரும் சொல்வதில்லை. பழுது பார்க்கும் உரிமை என்று 2022 டிசம்பரில் மத்திய அரசு ஓர் இணையதளம் தொடங்கியது, வாகனமும் அதில் ஒரு பிரிவு. நல்ல காரியம்தான். ஆனால் பள்ளத்தூரில் ஆக்சில் உடைந்து நிற்கிறவருக்கு வேண்டியது சேசிஸ் நம்பரை அடித்தால் பார்ட் நம்பர் வருகிற ஒரு பக்கம். அதைச் செய்ய என்ன கஷ்டம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதுவரைக்கும் கவுன்டரில் கூச்சப்படாமல் கேளுங்கள்: "இந்த நம்பருக்கு மாற்று நம்பர் என்ன? என் சேசிஸுக்குச் சேருமா?" பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பேரிங்கும் ஆயில் சீலும் அப்படியில்லை. அவற்றுக்கு வண்டியும் தெரியாது, வருஷமும் தெரியாது. பேரிங் ஓரத்தில் 6205 என்று பொறித்திருந்தால் கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்குங்கள், உள்துளை 25 மில்லிமீட்டர். எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவுதான். சீலில் 35-52-7 என்றிருந்தால் உள்ளளவு, வெளியளவு, கனம். பெல்ட்டில் 6பி.கே. என்றால் ஆறு வரி, அடுத்த எண் மில்லிமீட்டரில் நீளம். எண்ணை எழுதிக்கொண்டு போய் எந்தக் கடையிலும் வாங்கலாம். உங்கள் வண்டிக்கு மட்டுமே கிடைக்கும் ஸ்பெஷல் பேரிங் என்று யாராவது இரட்டை விலை சொன்னால் பழைய பேரிங்கை எடுத்து மேஜையில் வையுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பினியன் பல் சும்மா உடையாது. ஹவுசிங்கின் மேல் விரல் நுனி அளவுக்கு ஒரு பிரீதர் மூடி இருக்கும். ஓடும்போது உள்ளே சூடாகும் காற்று வெளியேறும் வழி அதுதான். தரைக்கல் ஏற்றுகிற வண்டியில் சிமென்ட் தூசி படிந்து அது அடைத்துவிடும். காற்றுக்கு வழியில்லாமல் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், யாருக்கும் தெரியாமல் எண்ணெய் வற்றும். உங்கள் பினியன் சீலைச் சுற்றிச் சிமென்ட் கலந்த பிசுக்கு கெட்டியாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். எதை மாட்டினாலும் அந்த மூடியைக் கழற்றி, டீசலில் கழுவி, ஊதிப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். உடைந்த பல் துணுக்கு ஒன்றுகூட உள்ளே தங்காமல் ஹவுசிங்கின் உள்பக்கத்தையும் கழுவ வேண்டும். முதல் 500 கிலோமீட்டருக்குப் பாதி லோடுக்கு மேல் கல் ஏற்றாதீர்கள். பிறகு எண்ணெயை வடித்து, அதில் இரும்புத் தூள் மின்னுகிறதா என்று வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள்.