பட்டா அப்பா பெயரில், இழப்பீடு யாருக்கு?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் எங்கள் 62 சென்ட் தென்னந்தோப்பு, திருமங்கலம் – கொல்லம் நான்குவழிச் சாலைக்குப் போகிறது. இருக்கும் சாலையை அகலப்படுத்தாமல் வயலுக்குள் புதுப்பாதை போடுகிறார்கள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி நிலம் எடுப்பதை உறுதிசெய்யும் 3டி அறிவிப்பும் வந்துவிட்டது. 1978-இல் அப்பா கிரயம் வாங்கிய நிலம். அவர் உயில் எழுதாமல் இறந்தார். அம்மாவும் இல்லை. பட்டா இன்னும் அப்பா பெயரில்தான். இருபது வருடமாகக் கிணறு வெட்டி, தென்னை வைத்துப் பாடுபட்டவன் நான். இப்போது திருப்பூரில் இருக்கும் தம்பியும், 30 பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்த தங்கையும் இழப்பீட்டைக் கவனிக்கும் மாவட்ட வருவாய் அலுவலரிடம் (டி.ஆர்.ஓ.) பங்கு கேட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். சாலையை நிறுத்த முடியுமா? இவர்களையாவது தடுக்க முடியுமா?

பதில்: சாலையை நிறுத்தும் கட்டம் தாண்டிவிட்டது. 3டி அரசிதழில் வெளியான அன்றே நிலம் மத்திய அரசுக்குச் சேர்ந்துவிட்டது. பாதை சரியில்லை என்று உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டுப் பணத்தைக் கரைக்காதீர்கள். சென்னை – சேலம் எட்டுவழிச் சாலையில் 2019-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்த அறிவிப்புகளையே 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொல்லிவிட்டது. நிலம் எடுக்கப்போவதாகச் சொல்லும் முதல் அறிவிப்பான 3ஏ வந்து ஒரு வருடம் கழித்து 3டி வந்திருந்தால் மட்டும் (தடையாணை இருந்த காலத்தைக் கழித்துப் பாருங்கள்) சாலையை எதிர்க்க வழி இருக்கலாம், மறுபடி எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது அந்த 1978 கிரயப் பத்திரம் ஒன்றுதான். அது அப்பாவின் சுயசம்பாத்தியம். உயில் இல்லை. ஆகவே மூன்று பேருக்கும் சமபங்கு. தங்கைக்குப் போட்ட நகையும் தம்பி ஊரைவிட்டுப் போனதும் அந்தப் பங்கைக் குறைக்காது. பங்காளிகளில் ஒருவர் அனுபவித்தால் சட்டம் அதை எல்லோருக்காகவும் அனுபவித்ததாகவே எடுத்துக்கொள்ளும்.

இனி ஆபத்தைச் சொல்கிறேன். பங்கில் தகராறு என்று தெரிந்தால் டி.ஆர்.ஓ. தீர்ப்புச் சொல்ல மாட்டார். 3ஹெச்(4) பிரிவின்படி விவகாரத்தை முதன்மை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார், பணமும் அங்கே முடங்கும். அப்புறம் வாய்தா, சாட்சி, மேல்முறையீடு. புல்டோசர் மட்டும் காத்திருக்காது. நிலம் போய், தென்னையும் போய், பணமும் கைக்கு வராமல் பல வருடம் நடந்த குடும்பங்களை என் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன். நான்தான் ஒரே வாரிசு என்று சொல்லிப் பணத்தை வாங்கியவர்களும் உண்டு. அவர்கள்மேல் மோசடிப் புகார் போனது, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் நேர்ந்தது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. யாருக்கு எவ்வளவு என்று அடித்துக்கொள்ளும்போது, மொத்தமே குறைவு என்பதை யாரும் கவனிப்பதில்லை. 3ஏ தேதிக்கு முந்தைய மூன்று வருடத்தில் பக்கத்தில் நடந்த நல்ல விலைக் கிரயங்கள், கிணறு, ஒவ்வொரு தென்னையும் இழப்பீட்டுத் தொகையை முடிவுசெய்யும் உத்தரவில் (அவார்டு) சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் ஆட்சேபணையோடு பணத்தைப் பெற்றுக்கொண்டு, நடுவரான ஆட்சியரிடம் தொகையை உயர்த்தக் கேட்டு 3ஜி(5) பிரிவின்படி மனு போட வேண்டும். அவர் உத்தரவும் போதாது என்றால் நீதிமன்றம் போக மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் கூடுதலாக 30 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடைக்காது. இந்தக் கெடுவைத் தவறவிட்டு வந்தவர்களுக்கு என்னால் எதுவும் செய்ய முடிந்ததில்லை.

ஆகவே சமாதானம் ஆகிவிடுங்கள். நிலத்துக்கான தொகையை மூன்றாகப் பிரியுங்கள். கிணறு, மரங்களுக்கு வரும் தொகையை உங்களுக்கே விட்டுத்தரக் கேளுங்கள். அது நியாயமான கேள்வி, தம்பி தங்கையும் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் அதைச் சட்டப்படி உங்களுக்கு மட்டுமே உரியது என்று நிரூபிப்பது கடினம், அதனால் மிரட்டாமல் கேளுங்கள். வாரிசுச் சான்றும் வில்லங்கச் சான்றும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தங்கை வீட்டுக்குப் போய் வாருங்கள். டி.ஆர்.ஓ. கோப்பை நீதிமன்றத்துக்கு அனுப்பும் முன்பு, மூவரும் கையெழுத்திட்ட கடிதம் அவர் மேசையில் இருக்க வேண்டும்.