அரிசியில் வண்டு விழுந்துவிட்டது: கொட்டிவிடுவதா, சமைக்கலாமா?

கொட்டாதீங்க. "பொம்பளைக்குச் சுத்தம் போதாது" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். எங்கள் அம்மாவும் அந்தப் பேச்சு வாங்கியவர்தான்.

2022. இலங்கையில் சம்பா கிலோ 200 ரூபாயைத் தாண்டிய நேரம். இன்னும் ஏறுமென்று பயந்து, கொழும்பிலிருந்து தம்பி அனுப்பிய காசில் 25 கிலோ மூட்டை வாங்கிப் போட்டோம். மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கிறோம். ஆடி மழைக்குச் சுவரே வேர்க்கும். ஈரம் பிடிக்கக்கூடாதென்று அம்மா மூட்டையை அடுப்போரம் வைத்தார். அதுதான் வினை. குளிரில் மந்தமாகக் கிடக்கிற வண்டுக்கு நாங்களே கணகணப்புக் காட்டியிருக்கிறோம்.

புடைத்தோம். சொளகெல்லாம் கருப்பு. இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே கதை. பிறகுதான் விளங்கியது: பெண் வண்டு அரிசியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையை அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து வண்டாகித்தான் வெளியே வரும். கடையிலிருந்து வரும்போதே உள்ளே இருந்திருக்கும். அம்மாவின் சுத்தம் என்ன செய்யும்?

மரக்கறித் தோட்டம் செய்யும் மாமா வண்டு கொல்லும் மாத்திரை கொண்டுவந்தார். "ரெண்டு போட்டு மூடி வை, போதும்." ஈரக்காற்றுப் பட்டாலே விஷவாயு விடுகிற சாமான் அது, ஒரே காம்பராவில் ஆறு பேர் படுக்கிறோம். திருப்பிக் கொடுத்ததற்கு இன்னும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

வேப்பிலை போடச் சொல்லி எழுத வருகிறவர்களே, இந்தக் குளிரில் வேப்பமரத்துக்கு எங்கே போவேன்? வெயிலில் காயவைக்கச் சொல்கிறவர்கள் ஆடியில் ஒருதரம் வந்து பாருங்கள்.

கடைசியில் ஐஸ்கிரீம் பெட்டி வைத்திருக்கும் கடைக்கார அண்ணனிடம் கெஞ்சி, இரண்டிரண்டு கிலோவாகக் கட்டி உறைய வைத்தேன். ஒரு வாரம் போதும்; கரண்டு வெட்டு இருந்ததால் பத்து நாள் விட்டேன். குளிர் போகும்வரை பையைப் பிரிக்காமல் வைத்து, புடைத்து, காய்ந்த சோடாப் போத்தல்களில் கழுத்துவரை நிரப்பி இறுக்கி மூடினோம். பிறகு வரவில்லை. மாவாய்ப் போனது கோழிக்கு, மீதி எங்களுக்கு. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பூஞ்சண வாடை அடித்தால் மட்டும் எறியுங்கள். பூச்சியியல் படித்தவர்கள் திருத்தலாம், நான் படிப்பிப்பது தமிழ்.

போத்தல் அடுக்கத்தான் உலர்ந்த மூலை கிடைக்கவில்லை. தகரம் ஒழுகுதென்று தோட்ட ஆபீசில் மூன்று தடவை எழுதிக் கொடுத்தாயிற்று. நாமே மாற்றலாமென்றால் எங்கள் பேரில் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. பாட்டன் காலத்திலிருந்து இருக்கிற காம்பராவில் ஆணி அடிக்கவும் கேட்க வேண்டும். ஒழுகாத இடம் சாமிப்படத்தடி ஒன்றுதான். பிள்ளையாருக்குக் கீழே இப்போது பதினோரு போத்தல் நிற்கிறது.