வாத்தியாராக எதற்கு எம்பிஏ கடன்?

மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு அப்பா, அம்மா, பெண் என்று மூன்று பேர் என்னிடம் வந்திருந்தார்கள். நான்காவதாக ஒருவர் வராமலே வந்திருந்தார்: பெண்ணின் தாய்மாமா. அப்பா என் மேசையில் பரப்பிய நான்கு புரோஷர்களும் அவர் அனுப்பியவை. நான்குமே பெரிய பெயர்கள், நான்குமே எம்பிஏ.

"புரொபசர் ஆகணும்ங்கிறா மேடம். ஆகட்டும், நல்ல வேலைதான். எந்த சப்ஜெக்ட்னு கேட்டா டிசைன் ஸ்ட்ராட்டஜி, சோஷியல் என்டர்பிரனர்ஷிப்னு சொல்றா. அப்படியெல்லாம் ஒரு பாடம் இருக்கா?"

இருக்கிறது என்றேன். பயப்பட வேண்டாம், உட்காருங்கள், பேசலாம் என்றெல்லாம் சொன்னேன். முதல் பத்து நிமிடம் நான் எல்லாப் பெற்றோரிடமும் இப்படித்தான் பேசுவேன். அப்புறம் அவர் சொன்னார்: "மச்சான் சொல்றதுதான் சரின்னு படுது. முதல்ல எம்பிஏ, நாலு வருஷம் கம்பெனி, அப்புறம் வேணும்னா டீச்சிங். வீட்டை வச்சு லோன் போட்டுடலாம்."

ஆறுதல் சொல்வதை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

முதலில் அந்தப் பாடம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரியாமல்தான் பாதிச் சண்டை நடக்கிறது. டிசைன் என்றதும் நிறம், லோகோ, நாற்காலி என்று மனசு போகும். டிசைன் ஸ்ட்ராட்டஜி அதற்கு ஒரு படி முன்னால் நிற்கிறது. எதைச் செய்வது, யாருக்காகச் செய்வது, செய்ததை நடத்திக்கொண்டு போகப் பணம் எங்கிருந்து வரும் என்பவைதான் அதன் கேள்விகள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த ஹார்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெப்பரும் 1973ல் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையில் இன்றும் வகுப்புக்கு வகுப்பு ஓடுகிறது. சமூகச் சிக்கல்கள் கணக்குப் போல ஒரே விடையில் முடிவதில்லை, ஒன்றைத் தொட்டால் இன்னொன்றையும் இழுத்துக்கொண்டு வரும் என்பது அதன் சாரம். சமூகத் தொழில்முனைவு என்பது அந்தச் சிக்கல்களை நன்கொடையை மட்டும் நம்பாமல் தொழிலாக நடத்தித் தீர்க்கப் பார்ப்பது. இப்படித் தொழில் நடத்துகிறவர்களுக்குக் கைகொடுக்கும் அசோகா அமைப்பை பில் டிரேட்டன் தொடங்கியது 1980ல். முகமது யூனுஸுக்கும் ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் அவருடைய கிராமீன் வங்கிக்கும் அமைதிக்கான நோபல் கிடைத்தது 2006ல். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1993லேயே இதற்கென ஒரு பிரிவு தொடங்கிவிட்டது, ஆக்ஸ்போர்டில் இதே பாடத்துக்கான ஸ்கோல் மையம் 2003ல் வந்தது. வகுப்பறைகளில் திரும்பத் திரும்ப வரும் உதாரணமோ நமக்கெல்லாம் தெரிந்ததுதான்: டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 1976ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. பணம் கட்டுகிறவர் கட்டுவதில் கட்ட முடியாதவருக்கும் அறுவை சிகிச்சை நடக்க வேண்டுமென்றால், வரிசை எப்படி நகர வேண்டும், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் என்ன விலைக்குக் கிடைக்க வேண்டும்? விலை கட்டுப்படியாகவில்லை என்று 1992ல் ஆரோலேப் என்று சொந்தத் தயாரிப்புக் கூடமே தொடங்கி லென்ஸைத் தாங்களே செய்தார்கள். இந்த முடிவுகள் எல்லாமே டிசைன் ஸ்ட்ராட்டஜிதான்.

ஆக, பாடம் இருக்கிறது. அதைக் கற்பிக்கும் வேலைக்கு எம்பிஏ வழியாகப் போகலாமா என்பதுதான் கேள்வி.

போகக் கூடாது. எம்பிஏ நிர்வாகத் தொழிலுக்கான பட்டம். பல்கலைக்கழகத்தில் நிரந்தர ஆசிரியர் பணிக்குப் பெரும்பாலும் முனைவர் பட்டமும் ஆய்வுக் கட்டுரைகளும் கேட்பார்கள். வணிகக் கல்லூரிகளுக்கு உலக அளவில் அங்கீகாரம் தரும் ஏஏசிஎஸ்பி அமைப்பின் 2020 விதிகளில் உள்ள வழிகாட்டி அளவுப்படி, ஆசிரியர் பலத்தில் குறைந்தது 40 சதவீதம் ஆய்வு வழி வந்தவர்களாக இருக்க வேண்டும். வெறும் எம்பிஏவோடு வகுப்பெடுக்கிறவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அவர்கள் பல வருடம் தொழிலில் பழுத்தவர்கள், பெரும்பாலும் பகுதி நேரம் வந்து போகிறவர்கள். அமெரிக்கக் கலை, வடிவமைப்புக் கல்லூரிகளில் எம்எஃப்ஏ என்ற நுண்கலை முதுகலைப் பட்டத்தையே உச்சப் பட்டமாக ஏற்பதும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் அந்தத் தாய்மாமா காட்டும் பாதை நேராக வகுப்பறைக்குப் போய்ச் சேருவதில்லை.

பணக் கணக்கு இதைவிட மோசம். எம்பிஏ கடன் என்பது எம்பிஏ சம்பளத்தால் அடைபடும் என்று நம்பிப் போடும் கடன். ஆசிரியர் சம்பளத்தால் அடையாது. அப்படியானால் கடன் முடியும்வரை கம்பெனியை விட்டு வர முடியாது. நாலு வருடம் ஏழாகும். ஏழு வருடம் கழித்து, பாதியாகக் குறையும் சம்பளத்துக்கு, முதல் வருட ஆய்வு மாணவியாகப் போய் உட்கார எத்தனை பேருக்கு மனசு வரும்? ஆசிரியர் வேலைக்காக வீட்டை அடமானம் வைப்பதற்கு என்னிடம் ஒரே பதில்தான்: வைக்காதீர்கள். இதை அம்மா முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். வீடு அவர் பெயரில் இருக்கிறதாம்.

இவ்வளவு நேரமும் பெண் வாய் திறக்கவில்லை. கடைசியாக என்ன வேலை செய்தாய் என்று கேட்டேன். வடிவமைப்பில் முதுகலை முடித்துவிட்டு மூன்று வருடமாக ஒரு சுகாதார அமைப்பில் இருக்கிறாள். படிக்கத் தெரியாத நோயாளிகளுக்காக ஒரு மருந்து அட்டை செய்தார்களாம். காலை மாத்திரைக்குச் சூரியன் படம், இரவு மாத்திரைக்கு நிலா. இரண்டு பெரியவர்கள் காலை மாத்திரையை நடுப்பகலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பைக்குள்ளிருந்து அட்டையை எடுத்துக் காட்டினாள். சூரியன் கட்டத்தின் உச்சியில் இருந்தது. "உச்சியில இருந்தா அது மத்தியானம்தானே மேடம். அவங்க சரியாத்தான் படிச்சிருக்காங்க. நாங்கதான் தப்பா வரைஞ்சிருக்கோம்." புது அட்டையில் ஒரு கோடு, அந்தக் கோட்டுக்கு மேலே பாதி எழுந்த சூரியன்.

இது நல்ல டிசைனரின் கதை. அதற்கு அடுத்து அவள் சொன்னதுதான் எனக்கு வேண்டியிருந்தது. புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர்களிடம் அவள் விடையைச் சொல்லவில்லையாம். பழைய அட்டையைக் கையில் கொடுத்து, அந்தப் பெரியவர்கள் வீட்டுக்கே அனுப்பி, இரண்டு நாள் காத்திருந்தாளாம். "மூணாவது நாள் ஒரு பையன் ஓடி வந்து, அக்கா சூரியன் ஏறிப்போச்சுன்னான்." சொல்லும்போது முகம் அப்படி மலர்ந்தது. அட்டையைத் திருத்தியதைச் சொன்னபோது அந்த மலர்ச்சி இல்லை. இந்தப் பெண்ணை நாலு வருடம் கம்பெனியில் போட்டு வைக்கலாம் என்று மாமா தொலைபேசியில் முடிவு செய்ய முடியாது.

சரி, வழி என்ன? வழக்கமான வழிகளை எல்லாருமே சொல்வார்கள், அதைவிடுங்கள். நம் வீடுகளில் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. முனைவர் படிப்பையே சம்பள வேலையாகச் செய்வது.

நார்வே, ஸ்வீடன், நெதர்லாந்து போன்ற நாடுகளில் முனைவர் ஆய்வாளர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஊழியர். பணி நியமன ஒப்பந்தம், மாதச் சம்பளம், ஓய்வூதியப் பங்கு, மகப்பேறு விடுப்பு எல்லாம் உண்டு. கல்விக் கட்டணம் கிடையாது. இடங்கள் வேலை விளம்பரமாகவே வரும். நார்வேக்கு ஜாப்நோர்கே, நெதர்லாந்துக்கு அகாடமிக்டிரான்ஸ்ஃபர், ஐரோப்பா முழுவதற்கும் யூராக்செஸ் என்ற தளங்களைத் தினமும் பார்க்கிற பழக்கம் வேண்டும். வடிவமைப்புக்கு ஓஸ்லோவின் கட்டடக்கலை, வடிவமைப்புக் கல்லூரி, ஸ்வீடனில் உமியோ பல்கலைக்கழகம், நெதர்லாந்தில் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவை தேடலைத் தொடங்க நல்ல இடங்கள். பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையும், ஒரு வணிகப் பள்ளியையும், ஒரு கலை வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தையும் 2010ல் ஒன்றாக இணைத்து உருவாக்கியது அது. இந்தப் பெண் படிக்க நினைப்பதும் அந்த மூன்றும் சந்திக்கிற இடத்தைத்தான். ஆனால் அங்கே எல்லா ஆய்வு இடமும் சம்பளத்தோடு வராது, விளம்பரத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

நார்வேயில் ஆய்வுக் காலம் மூன்று வருடம். பல இடங்களில் அதை நான்காக நீட்டி, நான்கில் ஒரு பங்கு நேரத்தைக் கற்பித்தல் முதலிய துறை வேலைகளுக்கு ஒதுக்குவார்கள். ஸ்வீடனில் நான்கு வருட ஆய்வு, அதோடு துறைப் பணி அதிகபட்சம் 20 சதவீதம். அதாவது பட்டம் வாங்கும்போதே வகுப்பெடுத்த அனுபவமும் கையில் இருக்கும். ஆய்வேடு பெரும்பாலும் ஒரே தடித்த புத்தகமாக இருக்காது. சில கட்டுரைகளும் அவற்றைக் கோக்கும் ஒரு முன்னுரையுமாக இருக்கலாம். அந்த முன்னுரைக்கு அவர்கள் மொழியில் மேலங்கி என்று பெயர். ஸ்வீடனில் வாய்மொழித் தேர்வுக்குச் சில வாரம் முன்னால் ஆய்வேட்டை நிஜமாகவே ஆணி வைத்துச் சுவரில் அறைகிற வழக்கம் இருக்கிறது, வேண்டியவர் வந்து படித்துக் குறை சொல்லலாம் என்பதற்காக. நார்வேயில் இன்னும் ஒரு படி மேல். பட்டத்துக்கு முன் ஒரு சோதனை விரிவுரை உண்டு. தலைப்பைத் தேர்வுக் குழு கொடுக்கும், பொதுவாகப் பத்து வேலை நாள் முன்னால். தன் ஆய்வுக்கு வெளியே உள்ள ஒன்றையும் புரியும்படி சொல்லித்தர முடிகிறதா என்று பார்ப்பார்கள். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் நோட்டை எடுத்துவிட்டாள்.

இனி கசப்பான பக்கம். ஓர் இடத்துக்கு உலகம் முழுவதிலிருந்தும் விண்ணப்பம் குவியும். முதல் சுற்றில் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே இறங்க வேண்டும், ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகும், அதுவரை இப்போதைய வேலையை விடக் கூடாது. சம்பளம் வாழப் போதும், வீட்டுக்கு அனுப்பலாம் என்ற எண்ணத்தை இப்போதே இறக்கி வைத்துவிடுங்கள். பட்டம் முடிந்ததும் நிரந்தரப் பணி காத்திருக்கும் என்றும் யாரும் எழுதித் தர மாட்டார்கள், தற்காலிக ஒப்பந்தங்களில் சில வருடம் ஓடலாம். ஆனால் இவ்வளவும் தவறிப்போனாலும் வீடு உங்களிடம் இருக்கும். எம்பிஏ கணக்கில் அந்த உறுதி இல்லை.

அவள் எழுதி வைத்திருந்த ஆய்வு முன்வரைவையும் பார்த்தேன். முதல் வரி, உலகை மாற்றும் வடிவமைப்பு. அதை அடித்துவிட்டு, மருந்து அட்டையில் சூரியன் எங்கே இருக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது என்று எழுதச் சொன்னேன். விளம்பரத்தில் உள்ள திட்டத்தோடு இந்தக் கேள்வியை எப்படிப் பொருத்துவது என்பது அடுத்த வேலை. வழிகாட்டியாக வரக்கூடியவர்கள் இரண்டு மூன்று பேரின் கட்டுரைகளை முழுதாகப் படித்த பிறகு எழுதும் ஒரு மின்னஞ்சல், கண்ணை மூடிக்கொண்டு அனுப்பும் ஐம்பதைவிட மேல்.

அப்பாவுக்கும் ஒரு வேலை கொடுத்தேன். இந்தப் பாடம் நடத்தும் ஐந்து பல்கலைக்கழகங்களின் ஆசிரியர் பட்டியலை இணையத்தில் திறந்து, எத்தனை பேர் முனைவர், எத்தனை பேர் வெறும் எம்பிஏ என்று ஒரு தாளில் எண்ணி எழுத வேண்டும். மாமாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

"அப்போ இந்த புரோஷர்?" என்றார் எழும்போது.

"இங்கேயே இருக்கட்டும். அடுத்த வாரம் அந்தத் தாளை மட்டும் கொண்டு வாங்க."