பேய்க்கதை எழுதும் அம்மாவும் தூங்கவிடாத பிள்ளையும்

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

நான் பேய்க்கதை எழுதுகிறவள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். பகலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். இரவில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு பேய். ஆண் பெயரில் எழுதுவதால் தெருவில் யாருக்கும் தெரியாது. வீட்டில் தெரியும், அங்கேதான் இப்போது சிக்கல்.

போன ஆவணியில் அப்பா இறந்தார். முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலக் கணக்கு பார்த்தவர். பீடி குடித்துக் குடித்து நுரையீரல் கெட்டுப்போய், கடைசி மாதங்களில் என் வீட்டில்தான் வைத்திருந்தேன். கடைசி இரவு பக்கத்தில் நான் மட்டும். மூச்சு வேகமாக வரும், அப்புறம் நின்றுவிடும். போய்விட்டார் என்று நினைக்கும்போது மறுபடி ஒரு இழுப்பு. தொண்டையில் கரகரவென்று சத்தம். நான் அழவில்லை. அந்த இடைவெளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஃபேன் சுற்றும் சத்தமும் அந்த மூச்சும் எங்கே ஒன்று சேர்கின்றன என்று காது கொடுத்துக் கேட்டேன். பெற்ற தகப்பன் போகும் நேரத்தில் மகள் செய்கிற வேலையா இது?

தம்பி அபுதாபியில் இருக்கிறான். டிக்கெட் கிடைத்து அவன் வந்து சேர்வதற்குள் அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டோம். கருமாதி முடிந்ததும் கிளம்பிவிட்டான். மார்கழியில் என் கதை ஒன்று வெளிவந்தது. பழைய வீட்டுக்கு வாடகைக்கு வருகிற ஒருவனுக்கு, அங்கே செத்துப்போன பெரியவரின் மூச்சு சுவருக்குள்ளிருந்து விட்டு விட்டுக் கேட்கும். ‘தூக்கம் போச்சு’ என்று வாசகர்கள் எழுதினார்கள். எங்கள் தொழிலில் அது பெரிய பாராட்டு. தம்பி மட்டும் போன் செய்து, “அப்பா சாவையும் வித்துட்டியாக்கா?” என்று கேட்டுவிட்டு வைத்தான். அதன் பிறகு நான் அழைத்தால் எடுப்பதில்லை.

மாமியார் சொல்வது வேறு. விளக்கு வைக்கிற வீட்டில் சாவு சாவு என்று எழுதினால் மேலே போகிற தேவதை ‘ததாஸ்து’, அதாவது ‘அப்படியே ஆகட்டும்’, என்று சொல்லிவிடுமாம். அப்பா போவதற்கு முன்னால் நான் எழுதிய தொடரில் ஒரு அப்பா சாகிறார். அதை மாமியார் மறக்கவில்லை. இப்போது பாதி நேரம் எனக்கே அப்படித்தான் இருக்கிறது. ‘காஞ்சனை’ எழுதிய புதுமைப்பித்தன் 1906ல் பிறந்தது நம்ம திருப்பாதிரிப்புலியூரில்தான் அத்தை, அவரும் பேய்க்கதை எழுதினவர்தான் என்று சொல்லிப் பார்த்தேன். “அவரு நாப்பத்திரண்டு வயசுல போயிட்டாராமே” என்றார். யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

ஆனால் என் மகன் விஷயத்தில் அவர் தங்கம். மூன்றாம் வகுப்பு படிக்கிறான். அன்றைக்கு ஐஸ் பெட்டிக் கண்ணாடியைத் தட்டித் தட்டித் தாத்தாவைக் கூப்பிட்டவனை, “தாத்தா தூங்குறாரு கண்ணு, எழுப்பாதே” என்று அணைத்துத் தூக்கிப் போனது அவர்தான். எனக்கு அந்தப் பொறுமை இருந்திருக்காது. இப்போது பையன் தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறான். நடு ராத்திரியில் என்னையும் அவன் அப்பாவையும் உலுக்கி எழுப்புகிறான். எழுந்து ‘என்னடா’ என்றால் ஒன்றும் சொல்வதில்லை, திரும்பிப் படுத்துக்கொள்கிறான். ஒருநாள் மட்டும் ‘சுவத்துல தாத்தா’ என்றான். எழுதியதை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். அது காதில் விழுந்திருக்க வேண்டும். மாமியார் கோயிலில் மந்திரித்த கயிறு வாங்கிக் கட்டியிருக்கிறார்.

எனக்குப் பேய்க்கதை சொல்லிக் கொடுத்ததே அப்பாதான். 2011ல் தானே புயல் அடித்து ஊரே இருட்டில் கிடந்தபோது, தெருப் பிள்ளைகளை எல்லாம் திண்ணையில் உட்கார வைத்து ராத்திரிக்கு ஒரு கதை சொன்னார். நான் கல்யாண வயதில் இருந்தவள், நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். தேவனாம்பட்டினம் கோட்டையை 1690ல் மராட்டியரிடம் வாங்கிய வெள்ளைக்காரன், பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரைக்கும் ஊரை எடுத்துக்கொண்டான் இல்லையா? அப்பா கதையில் அந்தக் குண்டு விழுந்த இடத்தில் நிற்கவில்லை. இன்னும் ராத்திரியில் உருண்டுகொண்டே இருக்கிறது, நிற்க ஒரு வாசல் தேடி. கடகடவென்று வாயாலேயே சத்தம் எழுப்புவார். பிள்ளைகள் அலறிச் சிரித்துவிட்டுப் போய் நன்றாகத் தூங்குவார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். நான் மகா பயந்தாங்கொள்ளி. கேஸை மூடினேனா என்று மறுபடி போய்ப் பார்ப்பேன். இவர் பாண்டியிலிருந்து வரும் பஸ் தாமதமானால் மனதுக்குள் விபத்தே நடந்து முடிந்துவிடும்.

மார்கழிக்குப் பிறகு ஒரு வரி ஓடவில்லை. எனக்குள் ஏதோ ஈரம் இல்லாமல் போய்விட்டதா? எழுதுவதை விட்டுவிடட்டுமா?

பெயர் வேண்டாம்,
கடலூர்


அன்புள்ள தங்கைக்கு,

மகனிலிருந்து தொடங்குகிறேன். ஈரம், எழுத்து எல்லாம் கொஞ்சம் காத்திருக்கலாம், அவன் காத்திருக்கக் கூடாது.

உங்கள் கதை அவனைப் பயமுறுத்திவிட்டது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் பேய்க்குப் பயந்து உங்களைக் கட்டிக்கொள்ளவில்லை. எழுப்புகிறான். நீங்கள் எழுந்துவிட்டால் அவன் வேலை முடிந்தது, திரும்பிப் படுத்துவிடுகிறான். தூங்குகிற தாத்தாவை எழுப்பக் கூடாது என்றார்கள், அவனும் எழுப்பவில்லை, தாத்தா எழுந்திருக்கவே இல்லை. இப்போது வீட்டில் யார் தூங்கினாலும் அவனுக்குச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

சாவைத் தூக்கம் என்று குழந்தைகளிடம் சொல்லாதீர்கள் என்று எங்கள் துறையில் அடிக்கடி சொல்வதற்குக் காரணம் இதுதான். நாம் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். பிள்ளைகள் வார்த்தையை அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள். செத்தவர் திரும்பி வர மாட்டார், எல்லோருக்கும் ஒருநாள் இது வரும் என்பது ஐந்திலிருந்து எட்டு வயதுக்குள் மெல்ல மெல்லத்தான் பிடிபடும். உங்கள் மகனுக்கு இப்போது அந்தக் காலம்தான்.

ஒரு பகல் நேரத்தில், படுக்கும் நேரத்தில் வேண்டாம், நேரடியாகச் சொல்லுங்கள். “தாத்தா செத்துப்போயிட்டார். அவர் உடம்பு வேலை செய்றது நின்னுபோச்சு. இப்ப அவருக்கு வலி இல்ல, இருமல் இல்ல. தூங்குறது வேற. தூங்கும்போது மூச்சு ஓடும், நெஞ்சு துடிக்கும், காலையில எழுந்துடுவோம்.” படுத்துக்கொண்டு உங்கள் நெஞ்சில் அவன் கையை வைக்கச் சொல்லுங்கள். ‘நீயும் செத்துடுவியா?’ என்று கட்டாயம் கேட்பான். மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள், பின்னால் எதையும் நம்ப மாட்டான். அம்மா நன்றாக இருக்கிறேன், ரொம்ப காலம் இருப்பேன் என்று நினைக்கிறேன், உன்னைப் பார்த்துக்கொள்ள அப்பா, ஆயா, மாமா எல்லோரும் இருக்கிறார்கள் என்று சொன்னால் போதும். இதே கேள்வி பல தடவை வரும். அலுக்காமல் இதே பதிலைச் சொல்லுங்கள்.

மாமியாரையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘உங்களால்தான்’ என்கிற தொனி துளியும் வரக் கூடாது. “பிள்ளை அந்த வார்த்தையை அப்படியே பிடிச்சுக்கிட்டான் அத்தை, இனிமே நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும்” என்றால் புரிந்துகொள்வார். கயிறு கையிலேயே இருக்கட்டும். அதனால் ஒரு கெடுதலும் இல்லை, அவனுக்காக ஒருவர் கவலைப்பட்டுக் கோயில்வரை போயிருக்கிறார் என்பதுதான் அதில் இருக்கிறது.

உங்கள் கதைக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, மறுக்கவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் முணுமுணுவென்று வருகிறது, பாதி கேட்கிறது, அதில் மூச்சு, சுவர், பெரியவர் என்று வார்த்தைகள். மீதியைப் பிள்ளை தானே எழுதிக்கொள்வான், உங்களைவிட நன்றாகவே எழுதுவான். அவன் விழித்திருக்கும்போது வாய்விட்டுப் படிப்பதை நிறுத்துங்கள். பகலில் அந்தச் சுவரை அவனையே வரையச் சொல்லி, அதில் அடுத்து என்ன நடக்கலாம் என்று அவன் இஷ்டப்படி மாற்றச் சொல்லுங்கள். தாத்தா சுவரைத் திறந்துகொண்டு வந்து மிக்சர் கேட்டாலும் சரி. கெட்ட கனவுகளுக்கு நாங்கள் செய்யும் பயிற்சியும் ஏறக்குறைய இதுதான்: விழித்திருக்கும்போது கனவின் போக்கை மாற்றி, அதைத் தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது.

அப்புறம், அந்தப் பீரங்கிக் குண்டு கதை. அதை அவனுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. தானே புயல் அடித்த அன்றைக்கு நான் புதுச்சேரியில் இருந்தேன். வெளியே மரங்கள் முறிந்த சத்தத்தை இன்னும் மறக்கவில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்து கிடந்த நாட்கள் அவை. அப்படி நிஜமான பயம் வாசலில் நிற்கும்போது உங்கள் அப்பா இன்னொரு பயத்தை எடுத்துவந்து நடுவில் வைத்தார், அதில் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், தோளோடு தோள் உரசிக்கொண்டு நாலு பேர் இருந்தார்கள், அதனால்தான் அலறல் சிரிப்பானது. உங்கள் மகனுக்கு வந்துசேர்ந்த பேய்க்கதையில் பக்கத்தில் யாரும் இல்லை.

தம்பிக்கும் அதேதான் நடந்திருக்கிறது. ‘வித்துட்டியா’ என்ற சொல்லைக் கேட்டு, எழுதியது சரியா தப்பா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். அவன் அந்த அறையில் இல்லை. வந்தபோது கண்ணாடிக்குள் ஒரு முகத்தைத்தான் பார்த்தான். கருமாதி வரைக்கும் வந்தவர் போனவர், சமையல், சடங்கு. அந்த இரவு எப்படி இருந்தது என்று அவனிடம் உட்கார்ந்து சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. அப்பாவின் கடைசி மூச்சு எப்படி நின்று நின்று வந்தது என்பதை அவன் ஒரு பேய்க்கதையில் படித்துத் தெரிந்துகொண்டான். ஊராரோடு சேர்ந்து. எனக்குத் தெரிந்தவரை அவன் கோபம் கதை மேல் இல்லை, வரிசை மாறிப்போனதன் மேல்.

கதைக்காக மன்னிப்புக் கேளுங்கள் என்று சில ஆலோசகர்கள் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன், கதை உங்களுடையது. ஆனால் அந்த இரவு அவனுக்கும் சேர வேண்டியது. போனை எடுக்கவில்லை என்றால் குரல் பதிவாக அனுப்புங்கள். கதையில் வராததை எல்லாம் சொல்லுங்கள்: அப்பா கடைசியாக என்ன சாப்பிட்டார், அவனைக் கேட்டாரா, நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மூச்சு நின்று நின்று வருவது மரணத்துக்கு முன் பலருக்கும் நடப்பது. தொண்டையில் வரும் அந்தச் சத்தம், விழுங்க முடியாமல் தேங்கும் நீரால் வருவது. அந்த நிலையில் பெரும்பாலும் நோயாளிக்கு நினைவு இருப்பதில்லை, சத்தம் அவரைவிடப் பக்கத்தில் இருப்பவர்களைத்தான் வதைக்கிறது என்பது நோய்த்தணிப்பு மருத்துவர்கள் சொல்வது. அபுதாபியில் தனியறையில் படுத்துக்கொண்டு ‘அப்பா துடித்திருப்பாரோ’ என்று நினைக்கிறவனுக்கு இது தெரிய வேண்டும். திட்டினான் என்றால் திட்டட்டும், குறுக்கே பேசாதீர்கள்.

இனி உங்கள் ஈரம். தாங்க முடியாத நேரத்தில் மனம் சின்னச் சின்ன விஷயங்களைப் பிடித்துக்கொள்ளும். சிலருக்கு எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரின் தேதி ஆயுள் முழுக்க மறக்காது. உங்களுக்கு ஃபேன் சத்தம். கேட்டுக் கேட்டு எழுதிப் பழகிய காது, அன்றைக்கு மட்டும் லீவு எடுக்குமா? எண்ணிக்கொண்டிருந்தேன் என்கிறீர்கள். அடுத்த மூச்சு வருமா என்று காத்திருப்பவர்தான் எண்ணுவார்.

ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கதையைச் சொல்பவன் ஒரு வாடகைக்காரன். மகள் எங்கே? அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம், மனதை உலுக்கிய அனுபவத்தை எழுதச் சொன்னார். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்த கையோடு மனம் கனத்தது. ஆனால் அடுத்த ஆறு மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. பிறகு நடந்த ஆய்வுகளில் பலன் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை, பொதுவாகச் சிறியதுதான். இருந்தாலும் உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். நடந்ததை எழுதிவிட்டீர்கள், உணர்ந்ததை இன்னும் எழுதவில்லை. பேய் இல்லாமல், வாடகைக்காரன் இல்லாமல், யாருக்கும் அனுப்பாத ஒரு நோட்டில் அந்த இரவை மகளாக எழுதிப் பாருங்கள். அழுகை வந்தால் நோட்டை மூடிவிட்டு மறுநாள் தொடருங்கள்.

ததாஸ்து விஷயம். இத்தனை வருடத்தில் கதைகளில் எத்தனை மாமனார், வீட்டுக்காரர், மேனேஜர்களைக் கொன்றிருப்பீர்கள்? அத்தனை பேரும் சௌக்கியமாக இருக்கிறார்கள். பலிக்காததை மனம் கணக்கில் வைப்பதில்லை, ஒத்துப்போன ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். துக்கத்தில் இருப்பவர்களுக்கு, நினைத்ததே நடந்துவிட்டது என்ற எண்ணம் சுலபமாக ஒட்டும். காரணமே இல்லாமல் இழப்பதைவிட, தன்மேல் பழி போட்டுக்கொள்வது சிலருக்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது. உங்கள் அப்பா போனது பீடியால்.

பயந்தாங்கொள்ளி என்பதற்கு நான் சிரிக்கவில்லை. தைரியசாலிக்கு என்ன பேய்க்கதை தெரியும்? கேஸை இன்னொரு தடவை பார்ப்பது பரவாயில்லை. அதற்கே அரை மணி, ஒரு மணி என்று போனால், அல்லது பார்க்காவிட்டால் தூங்கவே முடியாது என்று ஆனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பையனுக்கும் அதுதான்: இவ்வளவும் செய்து ஒரு மாதமாகியும் இரவு எழுப்புவது குறையாவிட்டால், அல்லது பள்ளிக்குப் போக மறுத்தால் காட்டிவிடுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள்.

எழுதுவதை விட வேண்டாம். அடுத்த கதை எப்போது வரும் என்று இப்போது யோசிக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை முதலில் தம்பி. அபுதாபி நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், அவன் எழுந்து டீ குடித்து முடிக்கிற நேரமாகப் பார்த்து அனுப்புங்கள்.