வாசகர் கேள்விகள்: உதவியின் கடிவாளம்

கேள்வி: இலவசமாகவோ மலிவாகவோ கொடுக்கும் உதவி, ஒரு நாட்டை நெருக்கும் கருவியாவது எப்படி?

பதில்: நெருக்குவது தொகையல்ல, தவணை. அறிவிப்பு ஒரு நாளில் வந்துவிடும். பணமோ சரக்கோ வந்துசேர ஆண்டுகள் ஆகும். இடையில் நிறுத்தும் உரிமை கொடுப்பவர் கையில் இருக்கிறது. 1954-இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 சட்டத்தின்கீழ் இந்தியா டாலர் செலவழிக்காமல் ரூபாய் கொடுத்தே கோதுமை வாங்கியது. 1960-இல் கையெழுத்தான நான்காண்டு ஒப்பந்தத்தில் மட்டும் 1.6 கோடி டன். 1965-இல் வறட்சி வந்தபோது அதிபர் ஜான்சன் அப்படியொரு நீண்ட ஒப்பந்தத்துக்கு இசையவில்லை. சில மாதத் தேவைக்கு மட்டும் அனுமதி தந்து, கப்பல்களைச் சிறுகச் சிறுக விட்டார். வேளாண் கொள்கையை மாற்ற வேண்டும், வியட்நாம் போரைப் பற்றிய கண்டனத்தை அடக்கி வாசிக்க வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கையிருப்பு இல்லாத நாட்டை மிரட்ட வேண்டியதில்லை; அடுத்த கப்பல் என்றைக்கு என்று சொல்லாமல் இருந்தாலே போதும். 1966-இல் இந்தியா அதிக விளைச்சல் தரும் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை அவசரமாக இறக்குமதி செய்ததில் அந்த அவமானத்துக்கும் பங்குண்டு.

கேள்வி: கொடுத்த பணம் கொடுத்தவருக்கே திரும்பிப் போகிறது என்கிறார்களே?

பதில்: உண்மைதான். 'எங்கள் நிறுவனத்திடமே வாங்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு வரும் உதவி அது. போட்டி விலைப்புள்ளி இல்லாததால் 15 முதல் 30 சதவீதம் வரை விலை கூடுகிறது. உதிரி பாகங்களுக்கும் அதே நாட்டையே நம்பியிருக்க நேர்கிறது. மிக மோசமான எடுத்துக்காட்டு மலேசியாவின் பெர்காவ் அணை. ஆயுத விற்பனைப் பேச்சோடு பின்னிப் பிணைந்த அந்தத் திட்டத்துக்கு பிரிட்டன் 23.4 கோடி பவுண்டு ஒதுக்கியது. பணத்துக்கேற்ற பயனில்லை என்று உதவித் துறையின் தலைமை அதிகாரியே எதிர்த்தும் கேட்கவில்லை. 1994-இல் லண்டன் உயர்நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது.

கேள்வி: ஓர் உதவி அறிவிப்பை எப்படிப் படிப்பது?

பதில்: முதலில், அதில் மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பிரியுங்கள். கடனென்றால் வட்டி, சலுகைக் காலம் (தவணை கட்டத் தொடங்கும்வரை தரும் அவகாசம்), திருப்பிச் செலுத்தும் நாணயம் ஆகிய மூன்றையும் பாருங்கள். அடுத்து, ஒப்புக்கொண்ட தொகைக்கும் இதுவரை வழங்கிய தொகைக்கும் உள்ள இடைவெளி. பழைய வாக்குறுதியையே புதிதாக அறிவிப்பதும் உண்டு. கடைசியாக நாள்காட்டி: ஐ.நா. வாக்கெடுப்போ ராணுவத் தள ஒப்பந்தமோ பக்கத்தில் இருக்கிறதா?

கேள்வி: உதவியை நிறுத்தினால் எதிராளி எப்போதும் பணிந்துவிடுவாரா?

பதில்: இல்லை. 1990 நவம்பரில் ஈராக்குக்கு எதிராகப் படைபலத்தை அனுமதித்த பாதுகாப்பு அவைத் தீர்மானத்தை ஏமன் எதிர்த்தது. அமெரிக்கா சுமார் 7 கோடி டாலர் உதவியை வெட்டியது. ஏழை நாடு அடிபட்டது. பதிவான வாக்கு மாறவில்லை. எகிப்தில் நிலைமையே வேறு. 1987 முதல் அதற்கு ஆண்டுக்கு 130 கோடி டாலர் அமெரிக்க ராணுவ உதவி. 2013-இல் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தபின் அமெரிக்கா அதில் ஒரு பகுதியை நிறுத்திவைத்தது. அதற்கு முன்பே சவூதி அரேபியா, அமீரகம், குவைத் மூன்றும் சேர்ந்து 1,200 கோடி டாலர் தருவதாகச் சொல்லிவிட்டன. 2015-இல் அமெரிக்காவே தடையை விலக்கிக்கொண்டது.