அமெரிக்க நகரங்களில் பணக்காரக் குடியிருப்புகள் பெரும்பாலும் வெள்ளையர்களுடையதாகவே இருப்பது ஏன்?

கையில் பணம் இருந்தால் யாரும் எங்கேயும் வீடு வாங்கலாமே என்றுதான் தோன்றும். நெடுங்காலம் அப்படி இல்லை.

டெட்ராய்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒட்டிய பணக்காரப் பகுதி கிராஸ் பாயின்ட். அங்கே வீடு தேடி வருபவருக்கு 1960 வரை தரகர்கள் ரகசியமாக மதிப்பெண் போட்டார்கள். தனியார் துப்பறிவாளர் போய் விசாரிப்பார்: தோல் எவ்வளவு கறுப்பு? பேச்சில் வேற்று நாட்டு வாடை அடிக்கிறதா? வீடு கிடைக்க போலந்துக்காரருக்கு 55 மதிப்பெண் வேண்டும், யூதருக்கு 85. கறுப்பினத்தவருக்கும் ஆசியருக்கும் மதிப்பெண் போடும் பேச்சே இல்லை, நேராக மறுப்புதான்.

என்னை இன்னும் உறுத்துவது டெட்ராய்ட்டின் வடமேற்கில் நிற்கும் ஒரு சுவர். பக்கத்தில் கறுப்பின மக்கள் குடியிருந்ததால், வெள்ளையருக்கான புதிய வீடுகளுக்குக் கடன் உத்தரவாதம் தர கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் மறுத்தது. 1941இல் மனை வியாபாரி நடுவே ஆளுயரத்தில், அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார். உத்தரவாதம் கிடைத்துவிட்டது! அரசாங்கமே செய்த வேலை இது.

1968இல் சட்டம் இதையெல்லாம் தடுத்தது, சரி. அதற்குள் வெள்ளைக் குடும்பங்களின் வீடுகள் விலையேறி, பிள்ளைகளுக்குச் சொத்தாகிவிட்டன. வாங்கவே விடப்படாதவர்களின் பிள்ளைகளுக்கு அந்த முதல் எங்கிருந்து வரும்? அப்புறம், அடுக்குமாடி கட்டக்கூடாது, சிறு மனை கூடாது என்னும் விதிகள் பல புறநகர்களில் இன்றும் இருக்கின்றன; அதனால் பணம் குறைந்தவர்கள் வாங்கக்கூடிய வீடுகள் அங்கே எழுவது கடினம்.