பித்தப்பை வீக்கம்: இப்போதே சத்திரசிகிச்சையா, ஆறு கிழமை கழித்தா?

தம்பி, அம்மாவுக்குப் பித்தப்பைக் கல், வீக்கம், காய்ச்சல். நுவரெலியா வைத்தியசாலையில் நுண்துளைச் சத்திரசிகிச்சையை இப்போதே செய்யலாம் என்கிறார்கள், லயத்து ஆட்களோ வீக்கம் வற்றி ஆறு கிழமை போகட்டும் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

அந்த ஆறு கிழமைக் கணக்கு பழைய வழக்கம். முன்பு வைத்தியர்களே அப்படித்தான் சொன்னார்கள். இப்போது உடம்பு மயக்கமருந்தைத் தாங்கும் என்றால், வலி தொடங்கி ஒரு கிழமைக்குள் பித்தப்பையை எடுத்துவிடுவதையே பெரும்பாலும் விரும்புகிறார்கள். முதல் மூன்று நாள் என்றால் இன்னும் நல்லது. காத்திருந்தால் வலி திரும்பலாம். கல் பித்தக்குழாய்க்குள் இறங்கி மஞ்சள் காமாலையோ கணைய அழற்சியோ வரலாம். ராத்திரியில் தோட்டத்திலிருந்து வாகனம் பிடிக்கிற பாடு உங்களுக்குத் தெரியாததா? நானென்றால் இப்போதே சரி என்பேன்.

குழாயில் கல் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இருந்தால் அதைத் தனியாக, வாய்வழியே கமெராக் குழாய் விட்டு எடுக்க வேண்டி வரலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை குடிக்கிறாரென்றால் மறக்காமல் சொல்லுங்கள். "தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்போம்" என்று சம்மதப் படிவத்தில் இருக்கும், பயப்படாதீர்கள். வீக்கத்தில் உள்ளே தெளிவாகத் தெரியாதபோது திறப்பதுதான் பாதுகாப்பு.

சத்திரசிகிச்சைக்கு அப்புறம் அம்மா தோள் வலிக்கிறது என்பார். வயிற்றுக்குள் செலுத்தும் வாயுவால் வருவது, ஓரிரு நாளில் போகும். கொழுந்து மூட்டை சில கிழமைக்குத் தூக்கக்கூடாது. தோட்டத்துக்குக் கொடுக்க மெடிக்கல் சேர்ட்டிபிகேட்டை வார்டிலேயே கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்தபின் காய்ச்சலோ, கண் மஞ்சளோ, கூடுகிற வயிற்றுவலியோ வந்தால் உடனே 1990க்கு எடுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம்.